பழைய ரிவால்வருக்கு ஏன் மாற்று மருந்து?

அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்ற .45 கோல்ட் ரிவால்வரின் தோட்டாக் கூடு ஏன் அவ்வளவு நீளம்? அதில் அடைத்தது கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்த இந்த மருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் குறைவுதான் வாயுவாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். வெண்புகையாகக் கிளம்புவதும் குழாய்க்குள் கசடாக அப்பிக்கொள்வதும் அவைதான். குண்டைத் தள்ளுவது வாயு மட்டுமே. அதனால்தான் ஒரு தோட்டாவுக்குச் சுமார் 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் மருந்து தேவைப்பட்டது.

1884-இல் பிரான்சின் பால் வியேய் நைட்ரோசெல்லுலோசிலிருந்து செய்த புகையற்ற மருந்து ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். கருமருந்து இருந்த இடத்தில் அதைக் கூடு நிறைய அடைத்தால் துப்பாக்கியே வெடித்துச் சிதறும். சுடுபவரின் கையும் தப்பாது.

கருமருந்தோ சிறு பொறிக்கே பற்றிக்கொள்ளும். சேமிப்பதும் அனுப்புவதும் ஆபத்து. இதற்காக 1970-களில் அமெரிக்காவில் வந்ததே பைரோடெக்ஸ் என்னும் மாற்று. இது பற்றிக்கொள்ளக் கூடுதல் வெப்பம் வேண்டும். கருமருந்தைவிட அடர்த்தியும் குறைவு. ஆகவே கருமருந்தின் எடைக்கு எடை போடக் கூடாது. கன அளவுக்குக் கன அளவுதான் கணக்கு. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே காலியிடமும் விடக் கூடாது.

ஆனால் பைரோடெக்ஸிலும் புகையும் கசடும் மட்டும் மாறவில்லை. கசடில் உள்ள உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் அவற்றைக் கரைக்காது. சோப்பும் வெந்நீரும்தான் கரைக்கும். சுட்ட அன்றே கழுவியாக வேண்டும்.