பூவேலை என்றொரு சொல்

நம் சங்கத்தின் மகளிர் குழு பொங்கல் விழாவை ஒட்டிக் கைவினைக் கண்காட்சி ஒன்று நடத்தியது. அதற்கு அச்சடித்த விண்ணப்பப் படிவத்தில் கோலம், பூத்தொடுத்தல், கூடை முடைதல் எல்லாம் நல்ல தமிழில் இருந்தன. ஒன்று மட்டும் 'எம்பிராய்டரி' என்றே இருந்தது. அதுவும் 'பொழுதுபோக்கு' என்ற தலைப்பின் கீழே. இதற்குத் தமிழில் என்ன என்று ஒருவர் கேட்க, "தையல்தானே" என்றார் இன்னொருவர். "தையல் வேறே, இது வேறே" என்று அங்கிருந்த மாமி ஒருவர் வெட்டிப் பேசினார். மாமி சொன்னதே சரி.

தையல் என்று நாம் இன்று சொல்வது துண்டுகளை ஒன்று சேர்ப்பதை. நான் வேலை பார்த்த ரயில் பெட்டிப் பணிமனையில் 'டிரிம்மிங் ஷாப்' என்று ஒரு பகுதி உண்டு. இருக்கைகளுக்கு ரெக்சின் உறை தைப்பார்கள். அந்தத் தையல் விட்டால் உறை பிரிந்து உள்ளிருப்பது வெளியே வந்துவிடும். எம்பிராய்டரி அப்படியல்ல. துணி ஏற்கெனவே முழுசாக இருக்கிறது. அதன்மேல் ஊசியும் நூலும் கொண்டு அழகு செய்கிறோம். போட்ட நூலை எல்லாம் உருவிவிட்டாலும் துணி துணியாகவே நிற்கும். இதைக் குறிக்கப் பூவேலை, பூத்தையல், சித்திரத் தையல் என்ற சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. மயிலைப் போட்டாலும் மாம்பிஞ்சைப் போட்டாலும் பூவேலைதான். கட்டம் போட்ட துணி, பூப்போட்ட துணி என்று இரண்டே வகையாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் அல்லவா நாம்!

பழந்தமிழில் இந்தப் பாகுபாடு இவ்வளவு கறாராக இல்லை. சங்கப் பாடல்களில் 'தை' என்னும் வினை மாலை தொடுப்பதற்கும், தழையைக் கோத்து உடுத்துவதற்கும் வருகிறது. சேர்ப்பதும் அழகு செய்வதும் அங்கே ஒரே காரியம். இலையை ஈர்க்கால் தைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இது புரியும். காலில் முள் தைப்பதும், சொல் மனசில் தைப்பதும் அதே வினைதான். தையல் என்றால் அழகு, பெண் என்றும் பொருள் உண்டு. வைத்தீசுவரன் கோயில் தையல்நாயகி அந்தப் பொருளில் வந்தவள். இங்கேயே பிறந்து வளர்ந்த என் பேத்தி, "தாத்தா, அந்த அம்மன் டெய்லர்களுக்கு சாமியா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, பதில் 'இல்லை'. தை மாதத்துக்கும் தையலுக்கும்கூட உறவு கிடையாது. அது பூச நட்சத்திரத்தின் வடமொழிப் பெயர் வழியாக வந்த மாதப் பெயர்.

நாம் குடியிருக்கும் வடக்கில் இதற்கு என்ன சொல்கிறார்கள்? பஞ்சாபியர் வீட்டுக் கல்யாணத்தில் பெண்கள் தலையில் போர்த்தியிருக்கும் சிவப்புத் துணியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் புல்காரி. 'பூல்' என்றால் பூ, 'காரி' என்றால் வேலை. பிரித்தால் அச்சாகப் பூவேலை! அவர்களும் நாமும் ஒரே பெயரை வைத்திருக்கிறோம்.

கையால் நெய்த கதர்த் துணியில், முறுக்காத பட்டு நூலால், பின்பக்கத்திலிருந்து இழைகளை எண்ணி எண்ணிப் போடுவது புல்காரி. தரை தெரியாமல் துணி முழுவதும் நிரப்பிவிட்டால் அதற்கு 'பாக்', அதாவது தோட்டம் என்று பெயர். பேரன் பிறந்ததும் பாட்டி ஒரு பாக் தொடங்கி, அவன் மணக்கப்போகும் பெண்ணுக்காகப் போட்டு வைப்பது அங்கே பழைய மரபு. வருஷக்கணக்கில் நடக்கிற காரியத்தைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்ல முடியும்?

மற்றப் பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். லக்னோவின் சிக்கன் பாரசீகச் சொல். கோழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜர்தோசியில் 'ஜர்' பொன், 'தோசி' தையல். ஹூப்ளி, தார்வாட் பக்கத்துக் கசூதியில் வரும் 'கை' நம் கையேதான் என்பார்கள். அதன் தையல் வகைகளில் ஒன்று நெய்கெ, இன்னொன்று மெந்தி. நெசவையும் வெந்தயத்தையும் தெரிந்த தமிழருக்கு அகராதி வேண்டாம். நம் நீலகிரித் தோடர்கள் தங்கள் வேலையைப் புகூர் என்கிறார்கள். வெளுத்த முரட்டுத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் இதற்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் பெண்கள் துணியில் வரைந்துகொள்வதில்லை. இழையை எண்ணித்தான் போடுகிறார்கள். கசூதியும் அப்படியே. வரைபடத் தாளில் கட்டம் எண்ணிப் பழகிய எனக்கு இதில் தனி மரியாதை உண்டு. ஓர் இழை பிசகினால் வரிசை முழுவதும் சாய்ந்துவிடும். கையில் தாள் இல்லாமல் மனசிலேயே கணக்கு வைத்துக்கொள்வது லேசான காரியமா?

பூவேலை என்ற சொல்லுக்கு நான் கட்சி கட்டுவதற்குக் காரணம் அதன் இரண்டாவது பாதி. அதில் 'வேலை' இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் "பாட்டு, தையல், எம்பிராய்டரி தெரியும்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்த காலம் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண் போட்ட மேஜை விரிப்புக்குக் கூலி என்ன என்று யாரும் கேட்டதில்லை. லக்னோவில் நான் இருந்தபோது பார்த்தேன்: சிக்கன் வேலையில் பெரும்பகுதியை வீட்டிலிருக்கும் பெண்கள் செய்கிறார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று இடைத்தரகர் தருவதுதான் கூலி. கடையில் குர்த்தாவின் விலையைக் கேட்டுவிட்டு அந்தக் கூலியைக் கேட்டால் நம்பத் தோன்றாது. ஆகவே, அடுத்த கண்காட்சிப் படிவத்தில் பொழுதுபோக்கு என்ற தலைப்பை அடித்துவிட்டு, பூவேலை என்று தனிப் பகுதியாகப் போட வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சங்கிலித் தையல், காம்புத் தையல், குறுக்குத் தையல் என்று உட்பிரிவுகளுக்கும் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன.

மிஷினில் போட்டதையும் பூவேலை எனலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக, 'மிஷின் பூவேலை' என்று சொல்லுங்கள். இயந்திரத்தோடு காலம் தள்ளிய எனக்கு அதில் கசப்பில்லை. மிஷினில் போட்டதைக் கைவேலை என்று விற்பதுதான் தவறு. வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். மிஷின் வேலையில் அடிநூல் பெரும்பாலும் வெள்ளையாக, ஒரே சீராக ஓடியிருக்கும். சில சமயம் தாள் போன்ற ஒட்டும் இருக்கும். கைவேலையில் பெரும்பாலும் முடிச்சு தெரியும், நூல் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவியிருக்கும், ஒரு பூவைப் போல இன்னொன்று இருக்காது.