விளையாட்டுக் கடலும் மன்னார்க் கடலும்

கையடக்கத் தொலைபேசிகளிலும் கையடக்க விளையாட்டுக் கருவிகளிலும் இன்று சிறுவர்கள் விரும்பி ஆடும் விளையாட்டுகளுள் கடலடிப் புதிர் விளையாட்டு ஒரு தனி வகையாகும். ஆடுபவர் ஒரு சுழியோடியாகவோ, ஒரு கடல் உயிரினமாகவோ நீருக்குள் இறங்க வேண்டும். திரையின் ஓரத்தில் ஒட்சிசன் குறைந்துகொண்டே வரும். அது தீர்வதற்குள் பாறை இடுக்குகளையும் மூழ்கிய சிதைவுகளையும் ஆராய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் புதிர்களை அவிழ்த்து, புதையலுடன் மேலே வர வேண்டும். 1992 ஆம் ஆண்டு சேகா நிறுவனம் வெளியிட்ட 'எக்கோ த டொல்பின்' இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. கூட்டத்தைப் பிரிந்த ஒரு டொல்பின் தன் இனத்தைத் தேடிச் செல்லும் அந்த விளையாட்டில், மூச்செடுக்க நீர்மட்டத்திற்கு வராவிட்டால் டொல்பின் இறந்துபோகும். 'கேம் கியர்' என்ற கையடக்கக் கருவிக்கும் அது வந்தது. அண்மைக் காலத்தில், 2020 இல் வெளியான 'இன் அதர் வோட்டர்ஸ்', 2023 இல் வெளியான 'டேவ் த டைவர்' ஆகியன இவ்வகையைப் புதிய தலைமுறையிடம் கொண்டுசென்றுள்ளன.

இவ்விளையாட்டுகளைக் கண்மூடித்தனமாகக் கண்டிப்பது எமது நோக்கமன்று. அளவோடு ஆடினால் பொறுமையும் கவனமும் தருக்க அறிவும் வளரவே செய்யும். எனினும் மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரேயுள்ள முசலிக் கரையிலும் வாழும் ஒரு பிள்ளை இவ்விளையாட்டை ஆடும்போது, அதன் விதிகள் அனைத்தும் தன் ஊர்க் கடலில் மனித உயிர்களைப் பணயம் வைத்து நூற்றாண்டுக் கணக்கில் நடைபெற்றவை என்பதை அறிந்திருக்கின்றதா என்ற வினா எழுகின்றது. அறியாதிருப்பின் அது அப்பிள்ளையின் குற்றமன்று. சொல்லிக்கொடுக்கத் தவறிய எமது சமூகத்தின் குறையேயாகும்.

மன்னார் வளைகுடாவில் சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு மேற்கே கடலடியில் விரிந்து கிடக்கும் கடினமான தளங்களைப் 'பார்' என்று அழைப்பர். பெரிய பார், செவல் பார் முதலியன இவற்றுள் பெயர்பெற்றவை. முத்துச் சிப்பிகள் ஒட்டி வளரும் இடங்கள் இவையே. இங்கு நடைபெற்ற முத்துக்குளிப்பைச் சலாபம் என்றும், சிப்பி எடுக்க மூழ்கியவரைக் குளியாள் என்றும் எம் முன்னோர் வழங்கினர். குளியாள் கனமான கல்லொன்றைக் கட்டிய கயிற்றில் கால்வைத்து, கல்லின் பாரத்தால் ஐந்து முதல் பத்துப் பாக ஆழம் வரை இறங்குவார். அடித்தளத்தை அடைந்ததும் கல் மேலே இழுக்கப்படும். அவர் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிப்போட்டுக் கயிற்றை அசைத்துச் சைகை காட்டுவார். தோணியில் நிற்கும் துணையாள் அவரைத் தூக்கிவிடுவார். இவையெல்லாம் ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்திற்குள் முடிந்தாக வேண்டும். விளையாட்டுத் திரையில் குறையும் ஒட்சிசன் அளவுகோல், குளியாளின் நெஞ்சுக்குள் இருந்தது. அங்கு தோற்றவருக்கு மறுமுறை ஆடும் வாய்ப்பு இருக்கவில்லை.

இத்தொழில் எந்தவொரு சமூகத்தினதும் தனியுரிமையாக இருக்கவில்லை என்பது இங்கு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. கீழக்கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள், தூத்துக்குடிக் கரையின் பரதவர்கள், யாழ்ப்பாணத்தார், மலையாளக் கரையினர், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரேபியர் ஆகியோர் ஒரே கடலில் மூழ்கினர். அரேபியர் கொம்பினாற் செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்ள, எம்மவர் விரல்களால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினர். சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர் எனக் கருதப்பட்ட 'கடல்கட்டி' கரையில் இல்லாவிட்டால் குளியாள்கள் நீரில் இறங்கத் தயங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையைப் பற்றி விரிவாக எழுதிய எமர்சன் டெனன்ட், தம் காலத்துக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று குறிப்பிடுகின்றார். ஆபத்து பொதுவாயிருந்த இடத்தில் நம்பிக்கையும் பொதுவாயிருந்தது எனலாம். திருக்குர்ஆன் இறைவனின் அருட்கொடைகளுள் முத்தையும் பவளத்தையும் எடுத்துக் கூறுவதையும், கொற்கை முத்து சங்க இலக்கியத்தில் போற்றப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், இக்கடலின் செல்வம் இரு மரபுகளின் நினைவிலும் ஊறியது என்பது விளங்கும். 1344 ஆம் ஆண்டளவில் இங்கு வந்த பயணியான இப்னு பதூதாவும் ஆரியச் சக்கரவர்த்தியிடம் தாம் கண்ட முத்துகளைப் பற்றி எழுதியுள்ளார்.

இனி, புதிருக்கு வருவோம். மன்னார்ப் பார்களில் சிப்பி ஒரு சில ஆண்டுகள் கோடிக்கணக்கில் பெருகும். பின்னர் காரணம் தெரியாமல் மறைந்துவிடும். 1837 ஆம் ஆண்டிற்குப் பின் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் சலாபம் நடைபெறவில்லை. 1891 இற்குப் பின்னரும் 1903 வரை பார்கள் வெறுமையாகவே கிடந்தன. இந்தக் கடலடிப் புதிரை அவிழ்ப்பதற்காகப் பிரித்தானிய அரசு லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஹேர்ட்மனை 1902 இல் இங்கு அனுப்பியது. ஜேம்ஸ் ஹோர்னெல் அவருக்குத் துணையாயிருந்தார். அவர்களது ஆய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

அவர்கள் கண்டவற்றுள் பெரிய பார் பற்றிய செய்தி மிகவும் சுவையானது. கரையிலிருந்து தொலைவில், திறந்த கடலை நோக்கிக் கிடக்கும் அப்பாரைக் கடலோடிகள் தாய்ப் பாராகக் கருதினர். அங்கு தோன்றி மறையும் இளஞ்சிப்பிகளே ஏனைய பார்களுக்குச் சென்று குடியேறுகின்றன என்பது அவர்களது நம்பிக்கை. 1902 இன் தொடக்கத்தில் கோடானுகோடி இளஞ்சிப்பிகளை அங்கு கண்ட ஹேர்ட்மன் குழுவினர், தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த பின்னர் பார்த்தபோது அவை அழிந்துபோயிருந்தன. அவை வேறிடம் போகவில்லை. பருவக்காற்றின் கொந்தளிப்பில் அடித்துச் செல்லப்பட்டும் மணலால் மூடப்பட்டும் மாண்டன என்று அவர்கள் முடிவு செய்தனர். திருக்கை போன்ற மீன்கள் சிப்பிகளை உடைத்து உண்பதும், ஒரே இடத்தில் அளவுக்கு மீறி நெருங்கி வளர்வதும் ஏனைய காரணங்களாகக் கூறப்பட்டன. சிப்பி முதிர்வதற்கு நான்கு முதல் ஆறு ஆண்டுகள் வேண்டும். அத்தனை பருவக்காற்றுகளையும் தாண்டி ஓரிடத்தில் அது நிலைத்திருந்தாலன்றி முத்து இல்லை. ஆகவே, பெரிய பாரின் இளஞ்சிப்பிகளை எடுத்துப் பாதுகாப்பான பார்களில் இடுவதே வழி என்று அவர்கள் பரிந்துரைத்தனர்.

ஆனால் அடுத்து நிகழ்ந்ததோ வேறு. 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் சுமார் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. குளியாள்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. அரசுக்கு மூன்றில் இரண்டு. அரசின் பங்கு ஏலத்தில் விற்கப்பட்டு, ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா வருமானம் கிடைத்தது. மனித சஞ்சாரமற்ற மரிச்சுக்கட்டிக் கரையில் பல்லாயிரம் பேர் வாழும் நகரமொன்று சில வாரங்களுக்குள் எழுந்து மறைந்தது. இந்த வெற்றியைக் கண்டு மயங்கி, 1906 இல் பார்கள் தனியார் கம்பனியொன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆண்டுக் குத்தகை மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா. 1906, 1907 ஆகிய ஆண்டுகளின் பின்னர் பார்களில் எடுப்பதற்குச் சிப்பி இருக்கவில்லை. குத்தகைக் காலம் முடியும் முன்னரே கம்பனி கலைக்கப்பட்டது.

விளையாட்டுக் கடலுக்கும் மன்னார்க் கடலுக்குமிடையிலான பெரும் வேறுபாடு இங்குதான் உள்ளது. திரையில் ஒருமுறை வாரி எடுத்த முத்து, மறுமுறை ஆட்டத்தைத் தொடங்கும்போது அதே இடத்தில் காத்திருக்கும். மெய்யான கடல் அவ்வாறு எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இயற்கையின் அழிவு ஒருபுறமிருக்க, கிடைத்த ஆண்டை வைத்துக் கிடைக்காத ஆண்டுகளுக்கும் கணக்குப் போட்டதே கம்பனியின் பிழை. 1925 ஆம் ஆண்டின் பின்னர் பழைய பெருமைக்குரிய சலாபம் இக்கரையில் மீண்டும் நிகழவில்லை. அதே காலப்பகுதியில் ஜப்பானின் மிக்கிமோட்டோ வளர்ப்பு முத்துகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தமையால் இயற்கை முத்தின் மதிப்பும் சரிந்தது.

எஞ்சியிருப்பவை சில சிதைவுகளும் சில சொற்களுமே. முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் சலாபத்தை மேற்பார்வை செய்வதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டிய மாளிகையை மக்கள் அல்லிராணிக் கோட்டை என்பர். கடலரிப்பினால் அது சிறிது சிறிதாக இடிந்து விழுந்துகொண்டிருக்கின்றது. கற்களைவிட வேகமாகச் சிதைந்தது மனித நினைவு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முசலிக் கரையின் கிராமங்களும் மன்னார்த் தீவின் முஸ்லிம் குடியிருப்புகளும் வெறிச்சோடின. அவர்களுட் பலர் புத்தளத்து அகதி முகாம்களில் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்தனர். போரினால் தமிழ் மக்களும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2009 இற்குப் பின்னர் மக்கள் திரும்பி வந்தாலும், பாட்டனாரிடமிருந்து பேரனுக்குக் கைமாற வேண்டிய கடலறிவு இடைநடுவில் அறுந்துபோனது. எந்தப் பார் எத்திசையில் கிடக்கின்றது, எக்காற்றில் நீர் தெளியும் என்பன எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. கரையில் வாழ்ந்தாலன்றிக் கற்க முடியாதவை.

இது கடந்த காலத்திற்கான புலம்பல் மட்டுமன்று. இன்றும் இக்கடலில் சங்கும் கடலட்டையும் எடுக்க மனிதர்கள் மூழ்குகின்றனர். கடற்பசு மேயும் புற்படுகைகள் இங்குள்ளன. அடித்தளத்தைச் சுரண்டி இழுக்கும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்த பின்னரும், எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகளினால் ஏற்படும் அழிவு நின்றபாடில்லை. சிப்பியின் கதையிலிருந்து கற்கத் தவறினால் சங்கிற்கும் கடலட்டைக்கும் அதே கதி நேராது என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை.

ஆகவே, பிள்ளைகளின் கையிலுள்ள கருவியைப் பறிப்பதால் மட்டும் பயன் விளையாது. அக்கருவிக்குள் எமது கடலையும் கொண்டுவர வேண்டும் என்பதே எமது கருத்து. கணினித்துறை பயின்ற இளைஞர்கள் எம்மிடையே குறைவில்லை. கல்லும் கயிறும் கொண்டு குளியாள் இறங்குவதையும், பருவக்காற்றுக்கு முன் இளஞ்சிப்பிகளை இடம் மாற்றுவதையும், அளவுக்கு மீறி எடுத்தால் அடுத்த ஆண்டு பார் வெறுமையாவதையும் விதிகளாகக் கொண்ட ஒரு தமிழ் விளையாட்டை உருவாக்குவது முடியாத காரியமன்று. அதற்கு முன்னோடியாக, இரு சமூகத்து முதியோரிடமும் எஞ்சியுள்ள கடற்சொற்களையும் செய்திகளையும் பாடசாலைகள் தோறும் மாணவர்களைக் கொண்டே பதிவுசெய்யலாம். அல்லிராணிக் கோட்டையில் எஞ்சியிருப்பதைக் கடலரிப்பிலிருந்து காப்பதற்குரிய நடவடிக்கையைத் தொல்லியல் திணைக்களம் இனியும் தாமதிக்கலாகாது.

தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தோணியில் அமர்ந்து, ஒருவர் மூழ்க மற்றவர் கயிற்றைப் பிடித்திருந்த கடல் இது. கீழே இருப்பவரின் மூச்சு மேலே இருப்பவரின் கவனத்தில் தங்கியிருந்தது. அக்கடலையும் அதன் நினைவையும் காக்கும் பொறுப்பு இன்றும் இரு சமூகங்களுக்கும் பொதுவானதே என்பதை இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம்.