திருத்துறைப்பூண்டி: விதையை வட்டிக்கு விடும் ஊர்

வாங்கின கடனைக் கட்டாமல் ஒரு ஊருக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து "ஏன் கட்டலை?" என்று கேட்டவன் நான். இந்த வைகாசியில் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வழியாகப் பஸ்ஸில் போகும்போது என்ன பதில் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

பாக்கி நாலு கிலோ நெல். அவ்வளவுதான்!

திருத்துறைப்பூண்டி பெரிய ஊர் இல்லை. பிறவி மருந்தீசர் கோயில், கடைத்தெரு, ரயிலடி, ஊரை ஒட்டி ஓடும் முள்ளியாறு. அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். ஆனால் கடைமடை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் இங்கே தண்ணீர் கடைசியில்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் மேலே உள்ள வயல்களின் வடிகால் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும். தெற்கே போனால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, அப்புறம் கடல். காய்ச்சல், வெள்ளம், உப்பு மூன்றையும் ஒரே போகத்தில் பார்க்கிற மண் இது. அதனால்தான் வெள்ளத்துக்குக் காட்டுயானம், உவருக்குக் களர்ப்பாலை, கடலோரத்துக்குக் குடவாழை என்று ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு நெல் வைத்திருந்தார்கள். ஒரே ரகத்தை நம்பியிருந்தால் இந்தப் பக்கம் குடியே இருந்திருக்க முடியாது.

அந்த நெல்லெல்லாம் நம் கண்ணெதிரே காணாமல் போனது. அதில் எனக்கும் பங்கு உண்டு. பயிர்க்கடன் கொடுக்கும்போது உரத்துக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்குப் போடுவோம். மாப்பிள்ளைச் சம்பா போடுகிறேன், உரம் வேண்டாம் என்று ஒருத்தர் வந்து நின்றால் அவருக்கு எங்கள் படிவத்தில் இடம் கிடையாது.

2003-ல் நம்மாழ்வார் ஐயா பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தார். கூட நடந்தவர்களில் இந்த ஊரை அடுத்த கட்டிமேட்டைச் சேர்ந்த ஜெயராமனும் ஒருவர். 2006-ல் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கியது. ஏற்பாடு ரொம்ப எளிமை. இரண்டு கிலோ விதை வாங்கிப் போ, அடுத்த வருஷம் நாலு கிலோவாகக் கொண்டு வா. நூறு சதவீத வட்டி! எந்த வங்கியும் இந்த வட்டி கேட்டால் ஊரே அடிக்க வரும். இங்கே வரிசையில் நின்று வாங்கிப் போகிறார்கள். அவர் மீட்ட ரகங்கள் 169 என்று ஒரு கணக்கு, 174 என்று ஒரு கணக்கு. எதுவானாலும் ஒரு தனி மனிதர் செய்தது.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப் போட்டது. டிசம்பர் 6-ல் 'நெல்' ஜெயராமனும் போய்விட்டார். இனி இது அவ்வளவுதான் என்று அப்போது பலரும் நினைத்தோம், நானும்தான். 2021-ல் அரசு தன் மரபு நெல் பாதுகாப்பு இயக்கத்துக்கே அவர் பெயரை வைத்தது. பெயர் வைத்தது நல்லது. ஆனால் விதை வயலில்தான் உயிரோடு இருக்கும், அரசாணையில் இருக்காது.

ஜப்பானில் டொயோக்கா என்று ஒரு சிறு விவசாய நகரம் உண்டு. நெல் விளைகிற ஊர்தான். பூச்சிமருந்தாலும் வாழிடம் அழிந்ததாலும் 1971-ல் அந்நாட்டின் காட்டு நாரைகளில் கடைசி நாரை அங்கேதான் செத்தது. 2004-ல் புயல் வெள்ளம் ஊரை மூழ்கடித்தது. மறு வருஷமே, கூண்டில் வளர்த்த நாரைகளைப் பறக்கவிட்டார்கள். அவை தின்ன வயலில் தவளை வேண்டுமே! அதற்காக மருந்தைக் குறைத்து, தலைப்பிரட்டை தவளையாகும் வரை தண்ணீரை வடிக்காமல் வைத்தார்கள். அந்த அரிசியை நாரையின் பெயர் சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

நமக்கு நாரையைக் கூண்டில் வளர்க்க வேண்டிய அவசியமே இல்லை. திருத்துறைப்பூண்டி வட்டத்திலேயே உதயமார்த்தாண்டபுரம் ஏரியில் நத்தைகொத்தி நாரை கூட்டம் கூட்டமாக இறங்குகிறது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் அந்த ஏரி சேர்ந்துவிட்டது. வயல் நத்தையைத் தின்று வளர்கிற பறவை. அதன் பெயரைச் சொல்லி ஒரு கிலோ அரிசியாவது விற்றிருக்கிறோமா?

சரி, என் கடனுக்கு வருகிறேன். போன வருஷம் வாங்கிய காட்டுயானத்தை இரண்டு மாவில் நட்டேன். ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்தது. ஊரே வந்து பார்த்தது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம். தை பிறந்ததும் பெய்த மழையில் மொத்தமும் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைவிட்டது. விதைக்கு ஒரு மரக்கால்கூடத் தேறவில்லை.

திருவிழாவில் கடைமடைப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் அனுதாபப்படவில்லை. "ஜீவாமிர்தம் எத்தனை தடவை விட்டீங்க?"

"பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை. மீன் அமிலமும் தெளிச்சேன்."

"அதான் சார். அது பட்டினி கிடந்து வளர்ந்த பயிர். நீங்க விருந்து வெச்சா எப்படி நிக்கும்? ஆடு கிடை போட்டா அதுவே போதும். நெருக்கி நட்டிருப்பீங்க. பூட்டைக்கு முன்னாடி, ரொம்ப வளந்திருந்தா நுனியை அறுத்து மாட்டுக்குப் போடணும். எங்க அப்பா காலத்துல அப்படித்தான். அப்புறம், விதைக்கு வேணுங்கிறதை மேட்டுப் பாத்தியில தனியா நடணும். எல்லாத்தையும் ஒரே பள்ளத்துல வெப்பாங்களா?"

கடைசி வாக்கியம் வங்கிக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

விதை கொடுக்கும் மேஜையில் போய் நின்றேன். கட்ட முடியவில்லை என்று சொன்னேன். அங்கே இருந்த பையன் நோட்டைப் புரட்டினான், என் பெயருக்கு எதிரே ஏதோ எழுதினான், இன்னொரு இரண்டு கிலோ பையை எடுத்து நீட்டினான். "அடுத்த வருஷம் எட்டா கொண்டாங்க சார்."

மேட்டுப் பாத்தி தயார். நாலு நாள் ஆடு கிடை போட்டாயிற்று. ஆடிக் கடைசியில் நாற்றங்கால் விடப்போகிறேன்.