லலிதாஜி என்னும் அம்மையார்

வடநாட்டில் குடியேறிய நம் குடும்பங்களில், லலிதாஜியை அறியாத மூத்த பெண்மணிகள் அரியர். 1980களில் தூரதர்ஷனில் ஸர்ஃப் சலவைத் தூளுக்காக அடிக்கடி தோன்றியவர் அவர். விலை மலிந்த நிர்மா இல்லந்தோறும் புகுந்த காலம் அது. அதை எதிர்கொள்ளவே லின்டாஸ் விளம்பர நிறுவனத்தின் அலிக் பதம்ஸீ இப்பாத்திரத்தைப் படைத்தார்; தம் தாயாரையே முன்மாதிரியாகக் கொண்டாராம். மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்று வாதிடும் அக்குரலில் கெஞ்சலும் இல்லை, குழைவும் இல்லை.

எம் இல்லத்தில் அவர் ஹிந்தி ஆசிரியையாகவும் விளங்கினார். நாகபுரி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு மணமாகி வந்த புதிதில், காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் துணிவை அவரைப் பார்த்தே பெற்றதாக எம் அன்னையார் கூறுவார். (உச்சரிப்பு மட்டும் இன்றும் திருநெல்வேலிதான்!)

நடித்தவர் கவிதா சௌத்ரி என்பது அன்னைக்கு நெடுநாள் தெரியாது. தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர் அவர். 1989இல் தொடங்கிய ‘உடான்’ தொடரைத் தாமே எழுதி, இயக்கி, கல்யாணி சிங் என்ற போலீஸ் அதிகாரியாகவும் நடித்தார். சகோதரி காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்வே அக்கதைக்கு ஆதாரம். அச்சகோதரி 2004இல் உத்தரகண்டில் நாட்டின் முதல் பெண் டி.ஜி.பி. ஆனார். இத்தகைய கலைஞரைச் சலவைத் தூளோடு மட்டும் பிணைத்து நினைப்பது எமக்கு அநியாயமாகவே படுகிறது.

2024 பிப்ரவரியில் கவிதா மறைந்த செய்தியை அன்னைக்கு வாசித்துக் காட்டினோம். ‘உடான்’ பற்றியும் விரித்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

“அடடா, லலிதாஜி போய்விட்டாளா!” என்றார். பெயரைத் திருத்த எமக்கு மனம் வரவில்லை.