உங்களுக்குத் தெரியுமா? செத்தவர் பேருக்கும் செக்!

அமெரிக்க மத்திய அரசு 2024 நிதியாண்டில் தப்பாகப் பட்டுவாடா செய்த பணம் எவ்வளவு தெரியுமா? சுமார் 16,200 கோடி டாலர்! அதாவது, நாளொன்றுக்கு 44 கோடி டாலர்! எதிர்க்கட்சிக்காரர்கள் கிளப்பிவிட்ட புள்ளிவிவரம் என்று நினைத்துவிடாதீர்கள். அரசுத் துறைகள் தாங்களே போட்டுக்கொடுத்த மதிப்பீடு! அதுவும் வெறும் 68 திட்டங்களுக்கு மட்டும்!

'தப்பாகப் போன பணத்தை வருஷாவருஷம் நீங்களே கணக்குக் காட்டுங்கள்' என்று 2002-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். 2003-லிருந்து கூட்டிப் பாருங்கள்... சுமார் 2.8 லட்சம் கோடி டாலர்!

அத்தனையும் திருட்டா என்றால், இல்லை! ஒருவருக்குச் சேரவேண்டியதைவிடக் குறைத்துக் கொடுத்தாலும் இந்தக் கணக்கில்தான் வரும். ரசீது இல்லாததால் சரியா தப்பா என்றே சொல்லமுடியாத பணமும் இதில் சேர்த்தி!

தப்பு 10 சதவீதத்தைத் தொட்டாலே அந்தத் திட்டம் ஃபெயில். குறைந்த வருமானக்காரர்களுக்கான வரிச்சலுகைத் திட்டம் 2023-ல் வாங்கிய மார்க்? 33 சதவீதத்துக்கும் மேல்!

இனிதான் சுவாரசியமே. கொரோனா நிவாரணமாக 2020-ல் ஆளுக்கு 1,200 டாலர் வரை கொடுத்தார்கள் அல்லவா? ஏப்ரல் முடிவதற்குள் கிட்டத்தட்ட 11 லட்சம் தொகைகள் இறந்தவர்கள் பேருக்குப் போய்விட்டன. மொத்தம் ஏறத்தாழ 140 கோடி டாலர்! சில செக்குகளில் பெயருக்குப் பக்கத்திலேயே 'காலமானவர்' என்பதன் சுருக்கமும் அச்சாகியிருந்தது. தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறார்கள், பாருங்கள்!

ஓய்வுபெற்ற ஓர் அரசு ஊழியர் 1971-லேயே இறந்துவிட்டார். பென்ஷன் மட்டும் நிற்கவில்லை. 37 வருஷம் மகன் வாங்கிக்கொண்டே இருந்தார். 2008-ல் எப்படிப் பிடித்தார்கள்? எங்கே பிடித்தார்கள்... மகனும் இறந்தபிறகுதான் விஷயமே வெளியே வந்தது! போன பணம் சுமார் 5,15,000 டாலர்!

112 வயதைத் தாண்டியும் 'இறந்தார்' என்ற பதிவே இல்லாத சமூகப் பாதுகாப்பு எண்கள் (பென்ஷன் போன்றவற்றுக்காக அரசு ஆளுக்கொன்றாகத் தரும் நம்பர்) அமெரிக்காவில் எத்தனை இருந்தன? 2015 தணிக்கை சொன்ன கணக்கு 65 லட்சம்! உலகம் முழுக்க அந்த வயதில் உயிரோடு இருந்ததாகத் தெரிந்தவர்களோ வெறும் 35 பேர்! நல்லவேளை, அந்த 65 லட்சத்தில் ஏறக்குறைய யாருக்குமே பணம் போகவில்லை. ஆள் போய்விட்டார், நம்பர்தான் சாகவில்லை!

ராணுவ அமைச்சகமான பென்டகனில் 2018-ல் முதல் முழுத் தணிக்கை நடந்தது. 2024 வரை 7 தணிக்கை. பாஸ் ஆனது? பூஜ்ஜியம்!

அரசை ஏமாற்றுபவரைக் காட்டிக்கொடுத்தால் காசு! ஆமாம், உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு மட்டமான சரக்கை விற்றுக் கொழுத்த வியாபாரிகளைப் பிடிக்க 1863-ல் லிங்கன் காலத்தில் வந்த சட்டம் இது. யார் வேண்டுமானாலும் அரசின் சார்பில் வழக்குப் போடலாம். ஜெயித்தால், மீட்ட பணத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை பங்கு! 2024 நிதியாண்டில் மட்டும் இப்படி வந்த வழக்குகள் 979!