தோற்றவரும் எண்ணிப் பார்க்கட்டும்

1993-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்ற கணினி விளையாட்டில் விண்மீன் மண்டலத்தைப் போரிட்டும் வெல்லலாம், வாக்கு வாங்கியும் வெல்லலாம். கோள்களில் மூன்றில் இரண்டு பங்கில் குடியேற்றம் நடந்ததும் பேரவை கூடும். அதற்குப் பிறகு 25 ஆண்டுக்கு ஒரு முறை. மக்கள்தொகையில் முன்னணியில் நிற்கும் இரு பேரரசுகள்தான் வேட்பாளர்கள். ஒவ்வோர் இனத்துக்கும் அதன் மக்கள்தொகைக்கு ஏற்ற வாக்குகள் உண்டு. மொத்த வாக்கில் மூன்றில் இரண்டு பங்கு பெற்றவருக்கு மகுடம்.

ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மொத்தம் 30 வாக்கு, வெல்ல 20 வேண்டும். உங்களிடம் 8, எதிரியிடம் 9, மற்ற மூன்று இனங்களிடம் 6, 4, 3. ஆறும் நான்கும் எதிரிக்கு விழுகின்றன. மூன்று வாக்கு வைத்திருக்கும் சின்ன இனம் யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்குகிறது. எதிரிக்கு 19. 'யாருக்கும் பெரும்பான்மை இல்லை' என்று மட்டும் திரை சொன்னால், நீங்கள் நிம்மதியாக அடுத்த கப்பலைக் கட்டப் போய்விடுவீர்கள். ஒரே ஒரு வாக்கில் தப்பியதும், உங்களைக் காப்பாற்றியது யார் என்பதும் தெரியாது. முழுக் கணக்கும் கண்ணில் பட்டால், அடுத்த 25 ஆண்டுக்குள் அந்தச் சின்ன இனத்தோடு ஒப்பந்தம் போட ஓடுவீர்கள்.

ஓரியன் இதில் நேர்மையான விளையாட்டு. ஒவ்வோர் இனத்தின் தூதரும் யாருக்கு வாக்களிக்கிறார் என்பதை வரிசையாக அறிவிக்கிறார். ஆனால் ஏன் அப்படி வாக்களித்தார் என்பது வெளியே வருவதில்லை. இனங்களுக்கு இடையிலான நட்பும் பகையும் நிரலுக்குள் எண்களாகவே இருக்கின்றன. அவற்றில் எது இந்த வாக்கைத் தீர்மானித்தது என்று ஒரு வரி சேர்த்தால், தோல்வியும் பாடமாகும். அது இல்லாதபோது தோற்றவருக்குச் சந்தேகம்தான் மிஞ்சும்.

தூதர்கள் பிரதிநிதிகள். பிரதிநிதியின் வாக்கு வெளிச்சத்தில் இருப்பதுதான் முறை. மாநிலங்களவைத் தேர்தலில் கட்சி எம்.எல்.ஏ. தன் வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும் என்று 2003-இல் சட்டம் திருத்தப்பட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வாக்காளர்கள் நிஜ மனிதர்களாகும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 முதல் 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டை நடத்துகிறது. பல்லாயிரம் பேர் ஒரே விண்வெளியில் கூட்டணி கட்டி மோதும் களம் அது. நிறுவன ஊழியர் ஒருவரே தன் கூட்டணிக்கு அரிய வரைபடங்களைக் கொடுத்து உதவியது 2007-இல் அம்பலமானது. மறு ஆண்டே, விளையாடுபவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழு ஒன்று பிறந்தது. அதன் உறுப்பினர்கள் ரெய்க்யவிக் சென்று நிறுவனத்தாரோடு நேரில் பேசுகிறார்கள்.

2013-இல் இந்தத் தேர்தல் ஒற்றை மாற்று வாக்கு முறைக்கு மாறியது. மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று விருப்பவரிசை எழுதும் அதே முறைதான். 10 இடங்களுக்கு 11,000 வாக்குகள் பதிவானால், வெல்வதற்கு 1,001 போதும். ஒருவருக்கு 1,500 கிடைத்தால் உபரி 499. அவருடைய சீட்டுகள் எல்லாம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதிப்போடு அடுத்த விருப்பத்துக்கு நகர்கின்றன. ஈவ் எடுத்துக்கொண்டது இதன் ஒரு வகையான ரைட் முறை. அதில், கடைசியில் நிற்பவர் நீக்கப்படும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். கையால் சரிபார்க்கிற வேலை இல்லை. அதனால் நிறுவனம் பெயர் நீக்கிய வாக்குச்சீட்டுகளையே கோப்பாக வெளியிட்டது. நிரல் எழுதத் தெரிந்த எவரும் வீட்டில் உட்கார்ந்து முழுத் தேர்தலையும் மீண்டும் எண்ணலாம். எந்த அறிவிப்பையும்விட இதுதான் நம்பிக்கை தருகிறது என்பது என் திடமான கருத்து.

ஆனால் இதற்குள் ஓர் ஆபத்து இருக்கிறது. 10 பேரை வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் உண்டு. கூட்டணித் தலைவர் உங்களிடம், "முதல் மூன்று நம்ம ஆளுங்க, மீதி ஏழையும் நான் கொடுக்கிற வரிசையிலயே போடு" என்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வரிசை. வெளியான கோப்பில் உங்களுக்குக் கொடுத்த வரிசை இல்லையென்றால் நீங்கள் மாறி வாக்களித்தது தெரிந்துவிடும். பெயரை நீக்கியும் பயனில்லை, வரிசையே கையெழுத்தாகிவிடுகிறது. இத்தாலியில் மாஃபியா கும்பல்கள் இப்படிச் செய்ததாகச் சொல்லப்படுவதால், ஆய்வாளர்கள் இதை 'இத்தாலியத் தாக்குதல்' என்கிறார்கள்.

மறையாக்கவியல் ஒரு வழி காட்டுகிறது. 2008-இல் பென் அடிடா உருவாக்கிய 'ஹீலியோஸ்' மென்பொருளில், பூட்டிய வாக்குகளைத் திறக்காமலேயே கூட்டி, கூட்டல் சரி என்பதற்குக் கணித நிரூபணமும் தரலாம். உலக மறையாக்க ஆய்வாளர்களின் சங்கமே தன் தேர்தலை இதில்தான் நடத்துகிறது. முடிவைத் திறக்க மூன்று பொறுப்பாளர்களின் சாவிகளும் வேண்டியிருந்தன. 2025-இல் அவர்களில் ஒருவர் தன் சாவியைத் தொலைத்துவிட, முடிவைத் திறக்க முடியாமல் மறுதேர்தல் நடத்த வேண்டியதாயிற்று. மூன்றில் எந்த இரண்டு சாவி இருந்தாலும் போதும் என்று பிறகு மாற்ற முடிவெடுத்தார்கள்.

விளையாட்டு நிறுவனங்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. எண்ணும் நிரலை வெளியிடட்டும். ஒவ்வொரு சீட்டிலும் எண்ணிக்கையின்போது உண்மையில் பயன்பட்ட விருப்பங்களை மட்டும் கோப்பில் விட்டு, மீதியை வெட்டிவிடட்டும். மறு எண்ணிக்கைக்கு அது போதும். பயன்படாத வால்தானே பெரும்பாலும் கையெழுத்தாக மாறுவது. எண்ணிக்கை எட்டாத விருப்பங்களை வெட்டுவதால் முடிவில் ஒரு புள்ளிகூட மாறாது.