காட்டுக்கு என்ன விலை?

தேக்கா ஈரச்சந்தையில் மீனுக்கு விலை உண்டு. பாகற்காய்க்கும் விலை உண்டு. ஆனால், மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளரும் சதுப்புநிலக் காட்டுக்கு? பாகற்பூவைக் காயாக்கும் தேனீக்கு? நாம் வாங்கும் ரசீதில் அவற்றுக்கு இடமே இல்லை.

இந்த விடுபட்ட கணக்கைத்தான் பொருளியல் வல்லுநர்கள் எழுதிப் பார்க்கிறார்கள். அலையைத் தடுக்கும் கண்டல் மரங்களை வெட்டிவிட்டால், அதே வேலைக்குச் சுவர் எழுப்ப எவ்வளவு செலவாகும்? இப்படிக் கேட்பது ஒரு வழி. ராபர்ட் கோஸ்டான்சாவும் சக ஆய்வாளர்களும் 1997இல் உலகம் முழுமைக்கும் கணக்குப் போட்டார்கள். இயற்கை ஓராண்டில் செய்யும் சேவையின் மதிப்பு சராசரியாக 33 டிரில்லியன் அமெரிக்க டாலர். அன்றைய உலகப் பொருளியல் உற்பத்தியையே மிஞ்சிய தொகை அது!

நம் ஊருக்கு வருவோம். குறுக்குத் தீவு ரயில் பாதை, மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காட்டின் அடியில் செல்வதா, சுற்றிச் செல்வதா என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. சுற்றிச் சென்றால் சுமார் 2 பில்லியன் வெள்ளி கூடுதல் செலவு, பயணிகளுக்கு ஆறு நிமிடத் தாமதம். 2019 டிசம்பரில் நேர்ப்பாதை முடிவானது. காட்டைக் காக்க, சுரங்கம் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் அமையும் என்றும் அறிவிக்கப்பட்டது.

ஒரு பக்கம் வெள்ளியும் நிமிடமும் துல்லியமாக எழுதப்பட்டன. மறுபக்கம் இருந்த எறும்புத்தின்னியையும் பழங்காட்டின் அமைதியையும் எந்த எண்ணால் எழுதுவது?

எல்லாவற்றுக்கும் எண் தேவைப்படுவதும் இல்லை. புலாவ் உபினின் செக் ஜாவா கடலோரத்தை மண்ணிட்டு நிரப்பும் திட்டம் 2001இல் நெருங்கியபோது, மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். தொண்டூழியர்கள் அங்குள்ள உயிரினங்களைப் பதிவு செய்தார்கள். திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அங்கே பேசியது விலைப்பட்டியல் அன்று, நட்சத்திர மீன்கள்!

அப்படியானால் விலை போடுவது வீணா? இல்லை. விலை என்பதை விற்பனைச் சீட்டாகப் பார்த்தால்தான் ஆபத்து. அழித்தால் குறைந்தது இவ்வளவு நட்டம் என்ற எச்சரிக்கையாகப் பார்த்தால் அது காட்டுக்குக் காவல். நிலம் குறைந்த நம் தீவில் இந்தக் கேள்வி மீண்டும் மீண்டும் எழும். அடுத்த முறை “இத்தனை மில்லியன் மிச்சம்” என்ற செய்தி காதில் விழுந்தால், கணக்கில் எந்த வரி காலியாக இருக்கிறது என்றும் கேட்போமே!